கதைப்பதா, வெட்டிவிடுவதா: கொழும்பில் எதிர் அரசியல்காரரோடு பழகும் முறை

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஒரே லிப்டில் ஏறி இறங்கும் ஆளை அரசியலுக்காக வெட்டிவிடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. தண்ணி மோட்டர் பழுதானால் பங்குக் காசுக்கு அவருடைய கதவைத்தான் தட்டவேண்டும். மாமா முறையானவர் என்றால் கலியாணவீடு, செத்தவீடு, அந்தியேட்டி என்று வருசம் முழுக்க முகம் பார்க்கவேண்டும். ஆகவே முடிவெடுக்க முன்னர், தகராறு எதைப் பற்றியது என்று பிரித்துப் பாருங்கள். வாக்கைப் பற்றியதா, இறந்தவர்களைப் பற்றியதா, உங்கள் பாதுகாப்பைப் பற்றியதா? ஒன்றுக்கான மருந்து மற்றதுக்குச் சரிவராது.

வாக்கைப் பற்றியது என்றால் வெட்டாதீர்கள், கதையுங்கள். 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்குப் போயின. அந்தச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டவர்களில் ஊழலை வெறுத்தவரும் இருப்பார், தமிழ்க் கட்சிகள் தங்களுக்குள் அடிபட்டதில் மனம் விட்டவரும் இருப்பார். சின்னத்தை வைத்து ஆளை எடைபோட்டால் கணக்குப் பிழைத்துவிடும்.

“ஆருக்குப் போட்டனீங்கள்?” என்று தொடங்கவேண்டாம். வாக்கு இரகசியமானது, அதோடு அந்தக் கேள்வி பதிலோடு செத்துவிடும். ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்பு அடையாளமிடலாம். 2024 செப்டெம்பரில் ஒருவரும் பாதியைத் தாண்டாததால், முதல் தடவையாக அடுத்த விருப்புகளையும் எண்ணினார்கள். அதைச் சாட்டாக வைத்து, “உங்கட ஆள் நிக்காட்டி ஆர் பரவாயில்லை எண்டு நினைப்பியள், ஏன்?” என்று கேளுங்கள். முதல் விருப்பைச் சொல்லும்போது கட்சிதான் பேசும். இரண்டாவதில்தான் மனுசர் தன் நியாயத்தைத் தேடி எடுப்பார். அந்த நியாயத்தோடு உங்களுக்கு இணங்கவும் வரலாம்.

குடும்ப வட்ஸ்அப் குழுவில் மட்டும் வாதாடாதீர்கள். இத்தனை சொந்தக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, வயதுக்கு மூத்தவர் தன் சொல்லை ஒருநாளும் திரும்ப எடுக்கமாட்டார். அவர் அனுப்பிய வீடியோவின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கைமாறி வந்தது. அவர் அதை உருவாக்கவில்லை, தள்ளிவிட்டிருக்கிறார், அவ்வளவுதான். தனியாக எழுதுங்கள்: “மாமா, நீங்கள் குழுவில போட்ட வீடியோ பழசு போல கிடக்கு. எங்க எடுத்தது எண்டு தெரியுமே?” அதற்குமேல் ஒரு வரியும் வேண்டாம், ஒரு நாள் பொறுங்கள். ஆனால் ஆறப்போடவும் வேண்டாம். அனுப்பியவரே எல்லோருக்கும் அழிப்பதற்கு இரண்டு நாளுக்குச் சற்று மேற்பட்ட அவகாசம்தான் உண்டு. அது கடந்தால் குழுவின் அட்மினைக் கேட்கவேண்டி வரும், மாமாவுக்கு அது அவமானம்.

கந்தோரில் சிங்கள நண்பர்களோடு கதைக்கும்போது வேறொரு சிக்கல். அரைகுறையாகத் தெரிந்த மொழியில் “இருக்கலாம்”, “ஓரளவுக்கு” போன்ற சொற்கள் நாக்கில் வராது. வசனம் கட்டையாகும், சொல்லவந்த கருத்து கடுமையாக விழும். அவருடைய தமிழும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் வளைந்துகொடுக்கும் மொழி எதுவோ அதில் கதையுங்கள், ஆங்கிலமானாலும் சரி. மத்தியானச் சாப்பாட்டு மேசையில் ஒருவர் “யுத்தய இவரய் நே”, யுத்தம் முடிந்துவிட்டதுதானே, என்று சாதாரணமாகச் சொல்லும்போது, அவர் சண்டை முடிந்த நிம்மதியைச் சொல்கிறாரா, உங்கள் வாயை மூடச் சொல்கிறாரா என்று அந்த இடத்தில் தெரியாது. “மட்ட ஏ கென கதா கரன்ன அமாருய்”, அதைப் பற்றிக் கதைப்பது எனக்குக் கஷ்டம், என்று சொல்லி நிறுத்துங்கள். பிறகு அவர் தனியாக வந்து ஏன் என்று கேட்டால், அவரோடு கதைக்கலாம். திரும்பத் திரும்ப அதையே மேசையில் போட்டால், உங்கள் தட்டை வேறு மேசைக்குக் கொண்டுபோங்கள்.

இறந்தவர்களைப் பற்றிய தகராறில் வாதம் பலன் தராது. 1983 ஜூலையில் எரிந்த வீட்டையோ முள்ளிவாய்க்காலில் இழந்த பிள்ளையையோ ஒருவர் பொய் என்றால், ஆதாரம் காட்டி அவரை வெல்லப் போகவேண்டாம். அழுவது நீங்களாக இருப்பீர்கள், கேட்டுக்கொண்டிருப்பது அவராக இருப்பார். “இதில நான் கதைக்கமாட்டன்” என்று சொல்லி எழும்புங்கள். இந்த விதி எங்களுக்கும் பொருந்தும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டதைப் பற்றி ஒரு முஸ்லிம் நண்பர் வாய் திறக்கும்போது “அது அந்தக் காலம்” என்று நாங்கள் சொன்னால், எழும்பிப் போகும் உரிமை அவருக்கும் இருக்கிறது. அவர் சொல்லி முடிக்கும்வரை “ஆனால்” என்ற சொல்லை எடுக்காதீர்கள்.

பாதுகாப்பு என்று வந்தால் முறை எதுவும் பார்க்கவேண்டாம். உங்கள் முகவரியையோ பிள்ளையின் பாடசாலையையோ எழுதி மிரட்டுபவர், கூட்டத்தை உங்கள்மேல் ஏவிவிடுபவர், இவர்களை அன்றைக்கே வெட்டுங்கள். முதலில் இலக்கமும் திகதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், பிறகுதான் பிளொக். பலர் கோபத்தில் எல்லாவற்றையும் முதலில் அழித்துவிட்டு, முறைப்பாட்டுக்குக் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்கள். வெளிநாட்டு உறவினர் இயக்கத்தின், அதாவது புலிகளின், படங்களைக் குவிக்கும் குழுவும் இந்த வகைதான். அனுப்புகிறவர் அங்கே இருக்கிறார். இங்கே பேஸ்புக் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானவர்கள் இருக்கிறார்கள். “உங்கட கருத்தோட சண்டை இல்லை, எனக்கு இங்க ஆபத்து” என்று அவருக்குத் தனியாகச் சொல்லிவிட்டு வெளியேறுங்கள்.

மற்றெல்லா இடத்திலும், பலன் தரக்கூடிய ஆகச் சிறிய விலகலைத் தேர்ந்தெடுங்கள். பேஸ்புக்கில் ஒருவருடைய பதிவுகளை “ஸ்னூஸ்” செய்து 30 நாளுக்கு ஒதுக்கிவைக்கலாம், அவருக்குத் தெரியவராது. வட்ஸ்அப்பில் 8 மணித்தியாலம், ஒரு கிழமை, அல்லது எப்போதும் என்று மியூட் செய்யலாம். தேர்தல் காலத்துக்கு ஒரு கிழமை மியூட்டே பலருக்குப் போதும். குழுவை விட்டு விலகினால் இப்போது அட்மின்களுக்குத்தான் அறிவிப்புப் போகும். பிளொக்கை நம்பி ஏமாறாதீர்கள்: பொதுவான குழுவில் அவர் எழுதுவது தொடர்ந்து உங்களுக்குத் தெரியும். உங்கள் படம் மறைந்ததை வைத்து அவர் விசயத்தைப் பிடித்துவிடுவார். தொல்லை அப்படியே இருக்க, பகையும் மேலதிகமாகச் சேரும்.

வெட்டிய உறவை ஒட்டவைக்க விரும்பினால் பழைய தகராறை விளக்கி நீண்ட செய்தி எழுதவேண்டாம். அம்மாவின் சுகத்தை விசாரியுங்கள். அவர் வீட்டில் சாவு என்றால் அழைப்புக்குக் காத்திராமல் போய், கால் மணித்தியாலமாவது இருந்துவிட்டு வாருங்கள். அன்றைக்கு அரசியலை அவர் எடுத்தாலும் நீங்கள் எடுக்காதீர்கள்.