மெக்னீசியம் நாடாவும் ஒரு குழாய் ஹைட்ரஜனும்: வாயுச் சமன்பாட்டை அளந்து பார்க்கும் செய்முறை

'பிவி = என்ஆர்டி' (அழுத்தம் × கனஅளவு = மோல் எண்ணிக்கை × வாயு மாறிலி × கெல்வின் வெப்பநிலை; மோல் என்பது துகள்களின் எண்ணிக்கையை வைத்துப் பொருளின் அளவைச் சொல்லும் அலகு) எல்லோருக்கும் மனப்பாடம். அந்த 'பி' எதன் அழுத்தம் என்று கேட்டால்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வாயுவைத் தண்ணீருக்கு மேல் பிடித்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் குழப்பம் தீரும்.

தேவை: மெக்னீசியம் நாடா, மெல்லிய செம்புக் கம்பி, 6 மோலார் (லிட்டருக்கு 6 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மி.லி., ஒரு முனை மூடிய 50 மி.லி. அளவுக் குழாய், துளையுள்ள ரப்பர் அடைப்பான், பெரிய பீக்கர், வெப்பமானி. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்கு உறையும் கட்டாயம். ஹைட்ரஜன் எரியும் வாயு, அருகில் தீ இருக்கவே கூடாது.

முதலில் நாடாவை உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேயுங்கள். சாம்பல் நிறப் படலம் ஆக்சைடு. அதற்கும் எடை உண்டு, ஆனால் வாயு தராது. சாதாரணத் தராசு 4 செ.மீ. துண்டைச் சரியாகக் காட்டாது. அதனால் 1 மீட்டர் நாடாவை நிறுத்து வகுத்துக்கொள்ளுங்கள். மீட்டருக்கு 0.90 கிராம் என்றால் 4 செ.மீ. 0.036 கிராம். 0.040 கிராமைத் தாண்ட வேண்டாம், குழாய் கொள்ளாது.

நாடாவைச் சுருட்டிச் செம்புக் கம்பியால் கூண்டு போலச் சுற்றுங்கள். குழாயில் அமிலத்தை ஊற்றி, அதன் மேல் தண்ணீரைச் சுவரோடு மெதுவாக வழியவிட்டு விளிம்புவரை நிரப்புங்கள். அமிலம் அடர்த்தி கூடியது என்பதால் அடியிலேயே தங்கும். கூண்டை வாய்ப்பகுதியில் தொங்கவிட்டு, காற்றுக் குமிழி இல்லாமல் அடைத்து, பீக்கர் தண்ணீரில் தலைகீழாக நிறுத்துங்கள். அமிலம் கண்ணாடிக்குள் நெளிந்து நெளிந்து இறங்குவது கண்ணுக்கே தெரியும். நாடாவைத் தொட்டதும் பொடிக் குமிழிகள் சரசரவென்று மேலேறும்.

குமிழிகள் நின்றதும் குழாயை விரலால் தட்டி, ஒட்டியிருப்பவற்றையும் மேலேற்றுங்கள். உடனே அளக்காதீர்கள். வினை வெப்பம் தரும். 5 நிமிடமாவது ஆறட்டும். பிறகு உயரமான ஜாடித் தண்ணீருக்குக் குழாயை மாற்றி, உள்ளும் வெளியும் நீர்மட்டம் ஒன்றாகும்வரை ஏற்றி இறக்கி அளவைப் படியுங்கள். மட்டம் ஒன்றானால்தான் உள்ளே இருக்கும் மொத்த அழுத்தமும் வளிமண்டல அழுத்தமும் சமம். ஜாடி இல்லையென்றால் மட்ட வித்தியாசத்தை மி.மீ.யில் அளந்து 13.6-ஆல் வகுங்கள் (பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி). உள்ளே நீர் 136 மி.மீ. உயர்ந்திருந்தால் 10 மி.மீ. பாதரசம் கழிக்க வேண்டும்.

இனி கணக்கு. கனஅளவு 38.4 மி.லி., வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் (273 கூட்டினால் 303 கெல்வின்), வளிமண்டல அழுத்தம் 758 மி.மீ. பாதரசம் என்று வைத்துக்கொள்வோம். குழாயில் இருப்பது ஹைட்ரஜன் மட்டுமல்ல, நீராவியும்தான். 30 டிகிரியில் நீராவி அழுத்தம் 31.8 மி.மீ. கலவையின் மொத்த அழுத்தம் அதிலுள்ள வாயுக்களின் தனித்தனி அழுத்தங்களின் கூட்டுத்தொகை என்பது டால்டனின் பகுதி அழுத்த விதி. அதன்படி நீராவியின் பங்கைக் கழித்தால் ஹைட்ரஜனின் பங்கு 726.2 மி.மீ. நமக்கு வேண்டிய 'பி' இதுதான்.

மோல் = (726.2 × 0.0384) ÷ (62.36 × 303) = 0.001476

அழுத்தம் மி.மீ., கனஅளவு லிட்டர் என்றால்தான் மாறிலி 62.36. வளிமண்டல அலகில் போட்டால் 0.0821. அலகைப் பார்த்த பிறகே மாறிலியைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு மோல் மெக்னீசியம் (24.3 கிராம்) ஒரு மோல் ஹைட்ரஜன் தரும்: 0.036 ÷ 24.3 = 0.00148. விடை அரை சதவீதத்துக்குள் பொருந்துகிறது! நீராவியைக் கழிக்காமல் விட்டிருந்தால் 4 சதவீதம் கூடியிருக்கும். 303-க்குப் பதில் 30 போட்டிருந்தால் விடை பத்து மடங்கு.

அதே வாயுவை 273 கெல்வின், 760 மி.மீ.க்கு மாற்றினால் 33.1 மி.லி.; மெக்னீசிய எடையிலிருந்து வந்த மோலால் வகுத்தால் மோலுக்கு ஏறக்குறைய 22.3 லிட்டர். புத்தகத்தில் 22.4 என்றிருக்கும். சில புத்தகங்களில் 22.7 என்று பார்த்தால் பிழை என்று எண்ண வேண்டாம், அங்கே அழுத்தம் 1 பார், அதாவது 760 மி.மீ.யைவிடச் சற்றுக் குறைவு.

உங்கள் விடை குறைந்தால் ஆக்சைடு மிச்சமா, நாடாத் துணுக்கு கூண்டிலிருந்து நழுவி வினைபுரியாமல் நின்றதா என்று பாருங்கள். கூடினால் கவிழ்க்கும்போது காற்று புகுந்திருக்கும், அல்லது ஆறுமுன் அளந்திருப்பீர்கள். அளவுக் குழாய்க்குப் பதில் பியூரெட்டை (அடியில் திருகு உள்ள அளவுக் குழாய்) கவிழ்த்தவர்கள், 50 குறிக்கும் திருகுக்கும் இடையே குறியில்லாத பகுதியைத் தண்ணீர் விட்டுத் தனியே அளந்து கூட்டிக்கொள்ளுங்கள்.