ஸ்கிப்பிங்: குதிப்பதற்கு முன் கையைப் பழக்குங்கள்

நான் ஸ்கிப்பிங் தொடங்கியது வீட்டுக் கூடத்தில். மூன்றாம் நாள் கயிறு டியூப்லைட்டைத் தட்டியது. அன்றே மொட்டைமாடிக்குக் குடிபெயர்ந்தேன். தலைக்கு மேல் ஒரு முழமாவது இடைவெளி இருக்கிற இடமாகப் பாருங்கள். வெறும் சிமெண்ட் தரை என்றால் ஷூ கட்டாயம். மாடி வீடென்றால் கீழ்வீட்டாரின் தூக்கத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கயிறு

நடுவில் ஒரு காலால் மிதித்துக்கொண்டு கைப்பிடிகளை மேலே இழுங்கள். அவற்றின் நுனி அக்குளுக்கு வந்தால் அளவு சரி. நீளமாக இருந்தால் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு முடிச்சுப் போட்டால் போதும். முதலில் பிளாஸ்டிக் கயிறே நல்லது. நூல் கயிறு சுற்றும்போது தொய்ந்துவிடும். கம்பிக் கயிறு காலில் பட்டால் சுரீர் என்று இழுக்கும்.

குதிக்காமல் ஒரு பயிற்சி

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு கைப்பிடிகளையும் ஒரே கையில் பிடித்து, கயிற்றை உடலுக்குப் பக்கவாட்டில் சுற்றுங்கள். தரையில் 'டக்' என்று தட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னக் குதி. கை மாற்றிச் செய்யுங்கள். காது தாளத்தைப் பிடித்துவிட்டால் கால் தானாக வந்துவிடும். சுற்றுவது மணிக்கட்டுதான், முழங்கை விலாவை ஒட்டியே இருக்கட்டும். தோளோடு சுற்றினால் இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும்.

இனி குதிக்கலாம்

கயிறு நுழைய இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும். முன்பாதத்தில் இறங்குங்கள், முழங்கால் சற்றே மடங்கியிருக்கட்டும். 'தொம்' என்று சத்தம் கேட்டால் தேவைக்கு மேல் எம்புகிறீர்கள்.

20 விநாடி குதி, 40 விநாடி ஓய்வு: இப்படி 5 சுற்று. முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். அடுத்த வாரம் 30-க்கு 30. கயிறு காலில் சிக்கினால் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போங்கள்.

சலிப்புத் தட்டும்போது

மூன்றாவது வாரம் ஒரு சுற்று இரட்டைக்கால், ஒரு சுற்று நின்ற இடத்திலேயே ஓடுவதுபோல் மாற்றுக்கால், ஒரு சுற்று இடம் வலமாக. குத்துச்சண்டைக்காரர்கள் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிக்கொண்டே குதிப்பார்கள். ஒவ்வொரு காலுக்கும் மாறி மாறி இளைப்பாறல் கிடைப்பதால் நெடுநேரம் தாக்குப்பிடிக்கலாம். எனக்குப் பிடித்ததும் அதுவே. ஓய்வு நேரத்தில் 10 முறை உட்கார்ந்து எழுந்தால் தொடைக்கும் வேலை. கைகளைக் குறுக்கே போடும் வித்தையை அவசரப்பட்டுத் தொடாதீர்கள்.

முழங்கால் தேய்மானம், இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் கயிற்றை எடுக்க வேண்டாம். முன்னங்கால் எலும்பை ஒட்டி வலித்தால் வலி போகும்வரை நிறுத்திவிடுங்கள்.

முடித்ததும் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டிக் குதிகாலைத் தரையில் அழுத்துங்கள். காலுக்கு அரை நிமிடம். இதைச் செய்யாத நாளுக்கு மறுநாள் மாடிப்படியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடிதான் இறங்கினேன். கயிற்றை ஆணியில் தொங்கவிடுங்கள். சுருட்டி வைத்து மடிப்பு விழுந்துவிட்டால், வெந்நீரில் சற்று நேரம் போட்டெடுத்து நீவினால் நேராகிவிடும்.