கல்லூரி அமெரிக்கக் கால்பந்து: தடுப்பாட்ட முடிவுகளுக்குப் புள்ளிவிவரம் தயாரிப்பது எப்படி?

இரண்டாவது டவுன், இன்னும் ஐந்து யார்டு தேவை. எதிரணி பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுமா, பாஸ் எறியுமா? களத்தின் ஓரத்தில் நிற்கும் தடுப்பாட்டப் பயிற்சியாளருக்கு யோசிக்க அரை நிமிடம்கூடக் கிடைக்காது. அதற்காக வாரம் முழுக்க உட்கார்ந்து எண்ணுவதுதான் இந்த வேலை. அமெரிக்காவில் ஒரு சிறு கல்லூரியில் படித்தபோது, அதன் அணிக்காக இரண்டு பருவம் வீடியோ பார்த்துக் குறிப்பெடுத்துக் கொடுத்தேன். சம்பளம் கிடையாது, சனிக்கிழமைச் சாப்பாடு உண்டு. எக்செல் தெரிந்து, சதவீதம் போடத் தெரிந்தால் உங்களாலும் இதைச் செய்ய முடியும்.

ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வரி: பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும், ஒவ்வொரு முயற்சிக்கும் டவுன் என்று பெயர். கிரிக்கெட்டில் கேப்டன் மட்டையாளரைப் பார்த்து ஃபீல்டரை நகர்த்துவார் அல்லவா? இங்கே ஒவ்வொரு டவுனுக்கும் பதினோரு பேரையும் புதிதாக நிறுத்த வேண்டும்.

படி 1: வீடியோவிலிருந்து வரிசைகள்

அதே பருவத்தில் மோதப்போகும் அணியின் ஆட்டத்துக்கு நேரில் ஆள் அனுப்பி வேவு பார்ப்பதை, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ 1994 முதல் தடை செய்திருக்கிறது. ஆகவே எல்லாம் வீடியோதான். எதிரணியின் கடைசி நான்கு ஆட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு அறுபது, எழுபது தாக்குதல் என்று கணக்கிட்டால் ஏறக்குறைய 260 வரிசைகள் சேரும். ஒவ்வொரு வரிசையிலும் டவுன், தேவைப்படும் தூரம், களத்தில் பந்து இருந்த இடம், ஆள் கலவை, ரன்னிங் பேக் (பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர்) நின்ற பக்கம், ஆட்ட வகை (ஓட்டமா, பாஸா), கிடைத்த யார்டு ஆகியவை இருக்க வேண்டும்.

ஆள் கலவையை இரண்டு இலக்கத்தில் எழுதுவது வழக்கம். முதல் இலக்கம் ரன்னிங் பேக்குகள், இரண்டாவது டைட் எண்டுகள் (முன்வரிசையின் ஓரத்தில் நின்று வழி அடைப்பவர்கள், பாஸும் பிடிப்பார்கள்). ‘12’ என்றால் ஒரு பேக், இரண்டு டைட் எண்ட். பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கையும் முன்வரிசை ஐவரையும் கழித்தால், மீதி இருவர் பாஸ் பிடிக்கும் ரிசீவர்கள்.

பந்து இருந்த இடத்தைப் பதியும்போது கவனம் வேண்டும். தாக்கும் அணி தன் பாதியில் இருந்தால் மைனஸ் குறி, எதிர்ப் பாதியில் இருந்தால் குறி இல்லை. முதல் வாரம் நான் மைனஸ் போட மறந்துவிட்டேன். தங்கள் கோல் கோட்டுக்குப் பக்கத்திலேயே முடங்கிக் கிடந்த ஓர் அணி, எனது தாளில் டச் டவுனுக்கு (எதிரணியின் கோல் கோட்டைப் பந்தோடு கடப்பது) பத்து யார்டு தூரத்திலேயே குடியிருந்தது. பயிற்சியாளர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

கல்லூரி ஆட்டத்துக்கே உரிய இரண்டு சங்கதிகளைத் தனியாகப் பதிய வேண்டும். ஒன்று, பந்து எந்த ஹாஷ் கோட்டில் (டவுன் தொடங்கும் இடத்துக்கு வரம்பாகக் களத்தின் நீளவாக்கில் ஓடும் இரண்டு கோடுகள்) இருந்தது என்பது. கல்லூரிக் களத்தில் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் இடையே 40 அடி. தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் பதினெட்டரை அடிதான். பந்து ஒரு ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. அகலமான பக்கத்தை ஃபீல்டு என்றும், குறுகிய பக்கத்தை பவுண்டரி என்றும் சொல்வார்கள். எதிரணிக்கு எந்தப் பக்கம் மோகம் அதிகம் என்பது பெரிய துப்பு. மற்றொன்று ஆர்பிஓ: ஓட்டமா பாஸா என்பதை குவாட்டர்பேக் ஆட்டம் தொடங்கிய பிறகே தீர்மானிக்கும் வகை. தாக்கும் அணியின் முன்வரிசையினர் மூன்று யார்டு வரை முன்னேறிய நிலையிலும் கல்லூரி விதி பாஸை அனுமதிக்கிறது. என்எஃப்எல்லில் ஒரு யார்டுதான். அதனால் பார்ப்பதற்கு அச்சு அசலாக ஓட்டம் போலவே இருக்கும். இதை ஓட்டத்திலும் சேர்க்காமல், பாஸிலும் சேர்க்காமல் தனி வகையாக எழுதுங்கள்.

கடைசிக் கால் பகுதியில் மூன்று டச் டவுனுக்கு மேல் வித்தியாசம் இருந்தபோது நடந்த தாக்குதல்களை நீக்கிவிடுங்கள். அப்போது ஆடுவது பழக்கம் அல்ல, நேரம் ஓட்டுவது.

படி 2: சராசரியைச் சந்தேகப்படுங்கள்

முதல் டவுனில் ஐந்து ஓட்டங்கள்: 2, 1, 3, 0, 44. சராசரி பத்து யார்டு. உங்கள் தடுப்பாட்டம் படுதோல்வி என்று அது சொல்லும். உண்மையில் ஐந்தில் நான்கு முறை நீங்கள்தான் வென்றீர்கள். ஒரே ஒரு முறை யாரோ தடுமாறி விழுந்தார்கள். இதைப் பிரித்துக் காட்டத்தான் வெற்றி விகிதம். கல்லூரி ஆட்டத்தில் பரவலாகப் பயன்படும் அளவுகோல் இது: முதல் டவுனில் தேவையான தூரத்தில் 50 சதவீதம், இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றாவது, நான்காவது டவுனில் முழுத் தூரமும் கிடைத்தால் அது தாக்கும் அணிக்கு வெற்றி. மேலே உள்ள ஐந்தில் வெற்றி ஒன்றுதான், 20 சதவீதம். அந்த 44 யார்டைத் தனியாகப் பெரிய இழப்பு என்று எண்ணுங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

அதிகாரப்பூர்வப் பட்டியலில் இன்னொரு கண்ணி இருக்கிறது. குவாட்டர்பேக்கைப் பந்தோடு பின்னால் வீழ்த்தும் சாக், கல்லூரிக் கணக்கில் ஓட்ட யார்டிலிருந்து கழிக்கப்படுகிறது. என்எஃப்எல்லில் பாஸ் யார்டிலிருந்து. 30 ஓட்டம், 90 யார்டு என்று தாள் சொன்னால் சராசரி 3. அதில் நான்கு சாக், 28 யார்டு நட்டம் ஒளிந்திருந்தால் உண்மையான ஓட்டம் 26, யார்டு 118, சராசரி நாலரை. மூன்று யார்டு அணிக்கும் நாலரை யார்டு அணிக்கும் ஒரே தடுப்பை நிறுத்த மாட்டீர்கள்.

படி 3: யாருக்கும் தெரியாததைத் தேடுங்கள்

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். “மூன்றாவது டவுனில் ஏழு யார்டுக்கு மேல் தேவைப்பட்டால் 87 சதவீதம் பாஸ்!” என்று ஓடிவருவார்கள். ஏறக்குறைய எல்லா அணியும் அப்படித்தான். அடிப்படை விகிதத்திலிருந்து விலகி நிற்பதுதான் செய்தி.

பயிற்சிக்காக நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை. இரண்டாவது டவுன், நான்கு முதல் ஆறு யார்டு தேவை: மொத்தம் 40 முறை, 22 ஓட்டம், 18 பாஸ். கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி, பயனில்லை. இப்போது ரன்னிங் பேக் நின்ற பக்கத்தை வைத்துப் பிரியுங்கள். டைட் எண்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றது 24 முறை, அதில் 19 ஓட்டம்: 79 சதவீதம். டைட் எண்ட் பக்கமே நின்றது 16 முறை, ஓட்டம் மூன்றுதான்: 19 சதவீதம். மூடியிருந்த கதவு திறந்துவிட்டது.

இதற்கு ஆட்டரீதியான காரணம் உண்டா என்று உடனே கேளுங்கள். உண்டு. பேக் குவாட்டர்பேக்கின் முன்னால் குறுக்கே கடந்து மறுபக்கம் ஓடுவது பழகிய ஓட்டம். எதிர்ப்பக்கம் நின்றால்தான் டைட் எண்டின் பின்னால் போய்ச் சேர முடியும். காரணம் கிடைக்காத எண்ணை நான் தாளில் ஏற்றுவதில்லை. முப்பது விதமாக வெட்டிப் பார்த்தால் தற்செயலாகவே இரண்டு மூன்று பளிச்சென்று தெரியும்.

படி 4: எண்ணிக்கை போதுமா?

சுருக்கு வழி: எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் 1ஐ வகுங்கள். அதுதான் தோராயமான பிழை எல்லை. 24க்கு ஏறக்குறைய 20 சதவீதம், 16க்கு 25. ஆக, முதல் குழு 59க்குக் கீழே இறங்காது, இரண்டாவது 44க்கு மேலே ஏறாது. இரண்டும் முட்டிக்கொள்ளவில்லை, நம்பலாம். நான்கு முறை பார்த்து நான்கும் பாஸ் என்றால் பிழை எல்லை 50. அதைச் சொல்லாதீர்கள்.

படி 5: எண்ணை முடிவாக்குங்கள்

மூன்றாவது டவுன், எட்டு யார்டு தேவை. நால்வரை மட்டும் குவாட்டர்பேக் மீது பாய விடுவதா, ஆறு பேரைக் கொண்டு பிளிட்ஸ் செய்வதா? மீண்டும் கற்பனை எண்கள்: நால்வர் பாய்ந்த 40 முறையில் எதிரணி தேவையான தூரத்தை எடுத்துத் தப்பியது 14, இருபது யார்டுக்கு மேல் கொடுத்தது 3. அறுவர் பாய்ந்த 25 முறையில் தப்பியது 7, பெரிய இழப்பு 5. அதாவது பிளிட்ஸ் தப்புவதை 35லிருந்து 28 சதவீதமாகக் குறைக்கிறது; பெரிய இழப்பை ஏழரையிலிருந்து 20ஆக உயர்த்துகிறது.

எது நல்லது? இடத்தைப் பொறுத்தது. பந்து உங்கள் 30 யார்டு கோட்டில் இருந்தால் எதிரணிக்கு 47 யார்டு ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்துப் புள்ளி எடுப்பது) கையில் இருக்கிறது: கோட்டுக்குப் பின்னால் கம்பம் வரை பத்து யார்டு, உதைக்கப் பின்னே தள்ளும் ஏழு யார்டு சேர்த்து. ஏழு யார்டு சாக் விழுந்தால் அது 54 ஆகிவிடும். கல்லூரி உதைப்பாளர்களில் பலருக்கு அது எட்டாத தூரம். அங்கே நான் பிளிட்ஸ் பக்கம். பத்துப் புள்ளி முன்னிலை, கடைசி மூன்று நிமிடம், பந்து அவர்கள் பாதியில் என்றால் நால்வர் போதும். மெல்ல மெல்லக் கொடுத்து நேரத்தைத் தின்ன வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை: பலவீனமான குவாட்டர்பேக் மீதுதான் பயிற்சியாளர்கள் அதிகம் பிளிட்ஸ் செய்வார்கள். பழைய சதவீதம் அதனாலேயே கொஞ்சம் அழகாகத் தெரியும்.

படி 6: ஒரே தாள்

ஒரு டவுன் முடிந்து அடுத்ததைத் தொடங்கக் கடிகாரம் தருவது 40 விநாடி. மேல்பிரிவான எஃப்பிஎஸ்ஸில் 2024 முதல் ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் பயிற்சியாளர் பேசலாம். 15 விநாடி மிச்சமிருக்கும்போது அந்த இணைப்பு அறுந்துவிடும். மீதி 25 விநாடிக்குள் யாரும் அட்டவணை படிக்க மாட்டார்கள். ஆறேழு அறிகுறிகள், பெரிய எழுத்தில், ஒவ்வொன்றின் எதிரிலும் செய்ய வேண்டிய காரியம். “பேக் எதிர்ப்பக்கம்: சேஃப்டி கீழே.” அதாவது, தடுப்பாட்டத்தின் கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டி ஓட்டத்தை அடைக்க முன்னே இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

படி 7: உங்களையும் எண்ணுங்கள்

இரண்டாம் ஆண்டில் இதுபோன்ற ஓர் அறிகுறி எங்களுக்குக் கிடைத்தது. முதல் பாதியில் ஐந்து முறை வந்தது. ஐந்தும் ஓட்டம், சேஃப்டி கீழே இறங்கி ஐந்தையும் அடைத்தார். பெஞ்சில் எனக்கு ஏக மரியாதை. இரண்டாம் பாதியில் அதே பேக், அதே நிற்பு. குவாட்டர்பேக் பந்தைக் கொடுப்பதுபோல் நீட்டி, இழுத்துக்கொண்டு, இறங்கி வந்த சேஃப்டியின் தலைக்கு மேலே எறிந்தார். டச் டவுன். அவர்கள் பக்கமும் என்னைப்போல் ஒருவர் தாளோடு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தடுப்பாட்டத்தின் வீடியோவை முதல்முறையாக எண்ணினேன். சேஃப்டி பந்துக்கு எட்டு யார்டுக்குள் வந்து நின்றது 14 முறை. அதில் 13 முறை அவர் ஓட்டத்தைத் தடுக்கவே பாய்ந்திருந்தார்.