கரண்ட் போனதுமே யூபிஎஸ்ஸும் அணைகிறதா? பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கம் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்து வேலை பார்க்கிற எல்லோருக்கும் இது தெரிந்த தொல்லைதான். கரண்ட் போன அடுத்த நொடி, பேட்டரியில் கம்ப்யூட்டரை ஓட்ட வேண்டிய யூபிஎஸ் ஒருமுறை கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும், பாதியில் இருந்த வேலையும் போச்சு. உடனே அதை காயலான் கடையில் போட்டுவிட்டுப் புதுசு வாங்கக் கிளம்பாதீர்கள். பெரும்பாலும் செத்துப்போயிருப்பது உள்ளே இருக்கும் பேட்டரி மட்டும்தான்.

யூபிஎஸ் ஆன் ஆகவே இல்லையென்றால் பின்பக்க ஃபியூஸைப் பாருங்கள். போயிருந்தால் அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும். விடாமல் கத்தினால் லோடு, அதாவது அதில் மாட்டியிருக்கும் சாதனங்கள் இழுக்கும் கரண்ட், அதிகம். 600 விஏ (யூபிஎஸ்ஸின் திறன் அளவு) என்று போட்டிருக்கும் பெட்டி சாதாரணமாக 360 வாட் வரைதான் தாங்கும். லேசர் பிரிண்டரை அதில் மாட்டவே மாட்டாதீர்கள்.

அடுத்து பேட்டரி. யூபிஎஸ்ஸை எட்டு மணி நேரம் சார்ஜில் விடுங்கள். அப்புறம் கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டி, சுவர் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம், எர்த் இணைப்பு இருக்கட்டும். நல்ல பேட்டரி என்றால் பல்பு இருபது நிமிடத்துக்கு மேல் எரியும். ஓரிரு நிமிடத்தில் மங்கி அணைந்தால் பேட்டரி முடிந்தது. மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள்: சும்மா இருக்கும்போது 12.5 வோல்ட் காட்டுகிற பேட்டரிகூட லோடு ஏறியதும் பத்துக்குக் கீழே விழும், இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கியே ஆக வேண்டும். 12 வோல்ட்தானே என்று மெயினில் இருக்கும்போது பேட்டரி வயரைத் தொடாதீர்கள். மலிவான யூபிஎஸ் பலவற்றில் அந்த வயருக்கும் மெயின் லைனுக்கும் நடுவே தடுப்பு கிடையாது, ஷாக் அடிக்கும். பேட்டரியில் முதலில் கருப்பு வயரைக் கழற்றுங்கள், பிறகு சிவப்பு. பேட்டரியின் பக்கச் சுவர் உப்பியிருந்தாலோ அழுகிய முட்டை வாடை வந்தாலோ வேறு சோதனையே வேண்டாம், அதை மாற்றிவிடுங்கள். காசிமேடு, எண்ணூர் மாதிரி கடலோரமாக இருந்தால் பேட்டரியில் வயர் செருகும் டெர்மினலையும் கவனியுங்கள், உப்புக்காற்றில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். எமரி தாளால் மெதுவாகத் தேய்த்து, வயரை இறுக்கமாகச் செருகி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் சில நேரம் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும்.

வெயில்தான் இந்த பேட்டரிக்குப் பெரிய எதிரி. சூடு பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மேஜைக்கு அடியில் சுவரோடு ஒட்டி வைக்காமல் காற்றோட்டமாக வையுங்கள்.

புது பேட்டரி வாங்க, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போகலாம், விம்கோ நகரில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் பக்கம்தான். பழைய பேட்டரியையும் எடுத்துப் போங்கள்: அளவும் டெர்மினலும் ஒத்துப்பார்க்கலாம், எக்ஸ்சேஞ்சில் கொஞ்சம் குறையும், ஈயமும் குப்பைக்குப் போகாது. பெரும்பாலான வீட்டு யூபிஎஸ்ஸில் 12 வோல்ட் 7 ஏஹெச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரிதான் இருக்கும். கையில் தூக்கிப் பாருங்கள், இரண்டு கிலோவாவது கனக்க வேண்டும். லேசாக இருந்தால் வாங்காதீர்கள். தயாரித்த மாதத்தையும் பாருங்கள், கடையில் ஒரு வருஷம் தூங்கியதை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள்.

புது பேட்டரி போட்டும் சார்ஜ் ஏறவில்லையா? சார்ஜிங் சர்க்யூட் போயிருக்கும், அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பேட்டரி நன்றாக இருந்தும் ராத்திரியில் டக் டக்கென்று ரிலே (யூபிஎஸ்ஸுக்குள் தானாக மாறும் சுவிட்ச்) அடித்துக்கொண்டே இருந்தால், அது லோ வோல்டேஜ். மே மாதத்தில் தெரு முழுக்க ஏசி ஓடும்போது லைன் இறங்கும், யூபிஎஸ் அடிக்கடி பேட்டரிக்குத் தாவும், நிஜமாகவே கரண்ட் போகும்போது அதில் சார்ஜே இருக்காது. அந்த நேரத்தில் வீட்டு லைட்டும் மங்குகிறதா, பக்கத்து வீட்டிலும் அப்படித்தானா என்று கேட்டுவிட்டு, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.