சந்திப்பு மேம்பாட்டுப் பணி: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விரைவுச்சாலைச் சந்திப்பு ஒன்றை அகலப்படுத்தும் பணிக்காக ஓர் இளம் பொறியாளர் தயாரித்த போக்குவரத்துத் திட்டத்தை அண்மையில் சரிபார்க்க நேர்ந்தது. கூம்புகளின் இடைவெளி முதற்கொண்டு எல்லாம் அளவு பிசகாமல் இருந்தது. ஆனால், பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்து ஊராரிடம் வசை வாங்கிய அதே பிழை அதன் நடுவே அப்படியே உட்கார்ந்திருந்தது. ஒளிரும் மேலங்கி அணிய வேண்டும், இரவில் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும் என்பன போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

அறிவித்த மாற்றுப்பாதையில்தான் வண்டிகள் போகும் என்று நம்புவது

சந்திப்பிலிருந்து வெளியேறும் கிளைச்சாலை ஒன்றை எட்டு வாரங்களுக்கு மூட வேண்டியிருந்தது. அடுத்த சந்திப்பு வரை சென்று திரும்பி வரும்படி 14 கிலோமீட்டர் மாற்றுப்பாதையை வகுத்து, வழியெங்கும் பலகை நட்டேன். இடையில், மூன்றே கிலோமீட்டரில் அதே இடத்தை அடையக்கூடிய ஒரு குடியிருப்புத் தெரு இருந்தது. அதன் முனையில் ‘உள்ளூர் வாகனங்களுக்கு மட்டும்’ என்ற பலகையை வைத்ததோடு என் கடமை முடிந்ததாக நினைத்தேன்.

பணி தொடங்குமுன் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அந்தத் தெருவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் எழுந்து, பள்ளிக்கூட வளைவில் இரண்டு பேருந்துகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கித்தான் ஆக வேண்டும் என்றார். அது மாற்றுப்பாதையே அல்ல என்று நான் வரைபடத்தைக் காட்டி விளக்கினேன். குறிப்பேட்டில் ‘பதிவு செய்யப்பட்டது’ என்று எழுதினேன். அந்த இரண்டு சொற்களை இன்று எந்தக் கோப்பில் பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

முதல் திங்கட்கிழமை காலையிலேயே அந்த வளைவில் ஒரு சரக்கு லாரியும் பள்ளிப் பேருந்தும் முகத்துக்கு முகம் நின்றன. பின்னால் வந்த ஆம்புலன்ஸ் தெருமுனை வரை பின்னோக்கியே போக வேண்டியிருந்தது. கைப்பேசியில் வழிகாட்டும் செயலி நேரத்தைக் கணக்கிடுகிறது. நான் நட்ட பலகையை அது படிப்பதில்லை. நீண்ட பாதையில் நெரிசல் கூடக்கூட, அது இன்னும் அதிக வண்டிகளைத் தெருவுக்குள் அனுப்பியது. கார்களுக்காகப் போடப்பட்ட தெருவில் லாரிகள் ஓடியதில் ஓரங்கள் உடைந்தன, சாக்கடை மூடிகள் உள்வாங்கின. அச்சின் மீதுள்ள சுமை இரு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பது பாடத்தில் படித்த விதிதான். அதை விரைவுச்சாலைக்கு மட்டும் பொருத்திப் பார்த்தேன், தெருவுக்குப் பொருத்தவில்லை. மூன்றாம் வாரத்தில் பணியை நிறுத்தி, இரவில் மட்டும் மூடுவதென மாற்றினோம். இயந்திரங்கள் சும்மா நின்ற நாட்களுக்கான கட்டணமும் தெருவைச் செப்பனிட்ட செலவும் திட்டத்தின் தலையில் விழுந்தன.

‘ஓட்டுநர்கள் பலகையை மதிக்கவில்லை’ என்று அப்போது நானும் சொன்னேன். அது விளக்கமே அல்ல. குறுக்குவழி இருக்கும் இடத்தில் ஓட்டுநர் அதைத் தேடத்தான் செய்வார். ஆகவே மூடுமுன்பே ஒவ்வொரு குறுக்குத் தெருவிலும் நெரிசல் நேரத்தில் நீங்களே வண்டி ஓட்டிப் பார்த்து, தூரத்தை விட்டுவிட்டு நிமிடங்களை ஒப்பிடுங்கள். அங்கே இப்போது எத்தனை வண்டிகள் போகின்றன என்பதை எண்ணி வையுங்கள். இல்லையேல் பின்னர் வரும் புகாரை ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. கனரக வண்டி நுழைய முடியாதபடி அகலத் தடுப்பு, திரும்பத் தடை, ஒருவழி ஆகியவற்றில் பொருத்தமானதை முதல் நாளுக்கு முன்பே அமைக்க வேண்டும். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் அதைக் கடக்க முடிகிறதா என்று அவர்களை வைத்தே பார்க்க வேண்டும். மூடும் தேதிகளைச் செயலி நிறுவனங்களுக்கும் தெரிவித்துவிடுங்கள்.

வரிசையின் வாலை மறப்பது

ஒரு தடத்தை அடைத்தபின், எஞ்சிய சாலையின் கொள்ளளவைவிட மணிக்கு 300 வண்டிகள் கூடுதலாக வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு 7 மீட்டர் என்றால் ஒரே மணி நேரத்தில் ஒற்றைத் தடத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு வரிசை நீளும். ‘முன்னால் பணி நடைபெறுகிறது’ என்ற பலகை பணியிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் இருந்தால், வரிசையின் கடைசி வண்டியை நோக்கி வருபவர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார். 100 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் கண்டு, உணர்ந்து, நிறுத்துவதற்குச் சாலை வடிவமைப்பில் 185 மீட்டர் அளவுக்கு இடம் விடுவார்கள். வளைவுக்கோ மேட்டுக்கோ அப்பால் வரிசை முடிந்தால் அந்த இடம் கிடைப்பதில்லை. வரிசை எங்கே முடியும் என்று கணக்கிட்டு, அதற்கும் பின்னால் முதல் பலகையை வையுங்கள்.

விடுமுறையில் வாகனங்களை எண்ணுவது

செய்யாதீர்கள்.

நடப்பவருக்கு வழி விடாமை

நடைபாதையை அடைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் சென்று சுற்றி வரச் சொன்னால் பெரும்பாலோர் சுற்ற மாட்டார்கள். கூம்புகளுக்கு வெளியே, வண்டிகளின் நடுவே நடப்பார்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த வழியும் கிடையாது. தடுப்புடன் கூடிய தற்காலிகப் பாதையை அதே பக்கத்திலேயே அமைக்க இடம் தேடுங்கள்.

வேலை நடக்காத நாளிலும் வேகப் பலகையை விட்டுவைப்பது

வெறும் சாலையில் 40 என்ற பலகையைத் தினமும் கண்டு பழகியவர், ஆட்கள் நிற்கும் நாளிலும் அதைப் பொருட்படுத்தாமல் வழக்கமான வேகத்தில்தான் வருவார்.

அந்த இளம் பொறியாளரின் வரைபடத்திலும் இரண்டு சந்திப்புகளுக்கு இடையே பெயர் குறிக்காத மெல்லிய சாம்பல் கோடு ஒன்று ஓடியது. திட்டத்தில் கையெழுத்திடாமல், பள்ளி திறக்கும் நேரத்தில் அங்கே நின்றுவிட்டு வரும்படி திருப்பி அனுப்பியிருக்கிறேன்.