சமவெளியில் மௌண்டன் பைக்: தெட்ஃபோர்டு காட்டில் தொடங்குவது எப்படி?

மௌண்டன் பைக் என்றதுமே மலைச்சரிவுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலோ மலை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. ஆனாலும், நார்ஃபோக், சஃபோக் மாவட்டங்களின் எல்லையில் ஏறத்தாழ 19,000 ஹெக்டேரில் விரிந்து கிடக்கும் தெட்ஃபோர்டு காடு, இந்த விளையாட்டைப் புதிதாகத் தொடங்குபவருக்கு மிகவும் ஏற்ற இடங்களில் ஒன்று என்பது என் கருத்து. முதல் உலகப் போரில் மரத்தட்டுப்பாட்டால் திணறிய பிரிட்டிஷ் அரசு, 1919-இல் வன ஆணையத்தை அமைத்து, 1922 முதல் இந்த மணற்பாங்கான நிலத்தில் பைன் மரங்களை நடத் தொடங்கியது. மணல் என்பதால் மழைநீர் தேங்காமல் இறங்கிவிடுகிறது. களிமண் நிலங்களெல்லாம் சேறாகிவிடும் குளிர்காலத்திலும் இங்கே சைக்கிள் ஓட்ட முடிகிறது.

மேடு இல்லாததால் எல்லாம் சுலபம் என்று எண்ணிவிட வேண்டாம். இறக்கம் இல்லாத இடத்தில் கால்களுக்கு ஓய்வும் இல்லை. மலையில் ஏறி முடித்தபின் மிதிக்காமலேயே இறங்கி வரலாம். இங்கே புறப்பட்டது முதல் திரும்புவது வரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

படி 1: எந்தப் பாதையில் போகலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சைக்கிளைத் தொடுவதற்கு முன் வரைபடத்தைத் தொடுவது நல்லது. இங்கிலாந்தில் கண்ணில் படும் பாதை எல்லாவற்றிலும் சைக்கிள் ஓட்டும் உரிமை கிடையாது. மஞ்சள் அம்புக்குறி இட்ட பாதை நடப்பவர்களுக்கு மட்டும் உரியது. அதில் சைக்கிள் ஓட்டுவது பொதுவாகக் குற்றமாகாது என்றாலும், நில உரிமையாளரின் அனுமதியின்றி ஓட்டினால் அத்துமீறலாகவே கருதப்படும். நீல அம்புக்குறி இட்டது பிரைடில்வே எனப்படும் குதிரைப் பாதை. 1968-ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் இதில் சைக்கிளுக்கு இடம் கொடுத்தது. ஆனால் நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் நாம் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தே விதித்தது. ஊதா, சிவப்பு அம்புக்குறிகள் இட்ட, பைவே எனப்படும் வண்டிப் பாதைகளிலும் தாராளமாகப் போகலாம்.

பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் 229-ஆம் எண் வரைபடம் இந்தக் காட்டுக்குரியது. அதில் குட்டையான பச்சைக் கோடுகளாக வருவது நடைபாதை, நீளமான பச்சைக் கோடுகளாக வருவது குதிரைப் பாதை. வரைபடத்தில் 4 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். கைபேசிச் செயலி இருந்தாலும் தாள் வரைபடம் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரே வயதுடைய பைன் மரங்கள் வரிசையாக நிற்க, அவற்றினூடே நேர்கோடாக வெட்டிய வழிகள் ஒன்றுபோலவே தோன்றுவதால், மலையில் இருப்பதைப் போன்ற அடையாளங்கள் எதுவும் இல்லாத இந்தக் காட்டில் திசை தடுமாறுவது எளிது. காட்டுக்கு வடகிழக்கே ஸ்டான்ஃபோர்டு இராணுவப் பயிற்சிக் களம் இருக்கிறது. அங்கே உண்மையான குண்டுகளைக் கொண்டே பயிற்சி நடப்பதால், எச்சரிக்கைப் பலகையைக் கண்டதும் திரும்பிவிட வேண்டும்.

படி 2: சைக்கிளைத் தயார் செய்யுங்கள்

பின்பக்கம் சஸ்பென்ஷன் உள்ள விலையுயர்ந்த சைக்கிள் இந்த நிலத்துக்குத் தேவையில்லை. முன்பக்கம் மட்டும் 100 அல்லது 120 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க் உள்ள ஹார்டுடெயில் போதும். எடை குறைவு, மிதிக்கும் சக்தியும் வீணாகாது. மிச்சமாகும் பணத்தை நல்ல டயரில் போடுவதே புத்திசாலித்தனம்.

சீட்டின் உயரத்தைச் சரிபாருங்கள். சீட்டில் அமர்ந்து குதிகாலை பெடலில் வைத்தால், பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். இடைவிடாமல் மிதிக்கும் நிலத்தில் ஓரிரு சென்டிமீட்டர் பிசகினாலும் முழங்கால் வலிக்கும்.

டயரின் காற்றழுத்தம்தான் இங்கே எல்லாவற்றையும்விட முக்கியம். 2.25 அங்குல அகலமுள்ள, டியூப் போட்ட டயரில், எழுபது கிலோ எடையுள்ளவர் முன்சக்கரத்தில் 26, பின்சக்கரத்தில் 28 பிஎஸ்ஐ அளவில் தொடங்கிப் பார்க்கலாம். கட்டைவிரலால் அழுத்தினால் டயர் சற்று உள்வாங்க வேண்டும். கல்லைப் போல் விறைத்திருந்தால் மணலில் புதையும், வேரில் துள்ளும். ஆனால் மிகவும் குறைத்துவிட்டால் வேரில் மோதும்போது டியூப் ரிம்மில் நசுங்கி, அருகருகே இரண்டு கீறல்கள் விழும். டியூப் இல்லாமல், ஓட்டையை அடைக்கும் திரவமான சீலண்ட் ஊற்றிய டயராக இருந்தால் இன்னும் மூன்று, நான்கு பிஎஸ்ஐ குறைக்கலாம்.

பஞ்சருக்கு இங்கே இன்னொரு காரணமும் உண்டு: சிக்கிமுக்கிக் கல். காட்டுக்கு நடுவிலேயே உள்ள கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்னுமிடத்தில், ஏறத்தாழ 4,600 ஆண்டுகளுக்கு முன் கற்கால மக்கள் இந்தக் கல்லுக்காகத் தோண்டிய 400-க்கும் மேற்பட்ட குழிகள் இன்றும் பள்ளங்களாகத் தெரிகின்றன. கோடரி செய்ய அவர்கள் நாடிய அதே கூர்மைதான் இன்று டயரையும் கிழிக்கிறது.

படி 3: எடுத்துச் செல்ல வேண்டியவை

ஹெல்மெட், கையுறை, கண்ணாடி, கூடுதலாக ஒரு டியூப், பம்ப், டயர் கழற்றும் நெம்புகோல்கள், மல்டிடூல், ஒரு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் பேரீச்சம்பழமோ வாழைப்பழமோ போதும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதால், குளிர்காலத்தில் விளக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: அடையாளமிட்ட தடத்தில் தொடங்குங்கள்

பிராண்டன் ஊருக்கு அருகிலுள்ள ஹை லாட்ஜ் வனமையத்திலிருந்து சைக்கிளுக்கென அமைத்த தடங்கள் புறப்படுகின்றன. பிரிட்டனில் இத்தகைய தடங்களைப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினத்தின் வரிசையில் குறிப்பார்கள். முதல் நாளில் நீல நிற பீட்டர் தடம் போதுமானது. சிவப்பு நிற லைம் பர்னர் தடத்தில் மரங்களுக்கிடையே ஒற்றையடிப் பாதை நெளிந்து நெளிந்து செல்லும். வளைவுகளில் கை பழகியபின் அதற்குப் போகலாம்.

படி 5: மணலிலும் வேரிலும் வளைவிலும் ஓட்டப் பழகுங்கள்

பொலபொலவென்ற மணல் கண்ணில் பட்டவுடனே, அதற்குள் நுழையும் முன்பே, ஒன்றிரண்டு கியர் குறைத்துவிடுங்கள். சீட்டில் சற்றுப் பின்னால் தள்ளி அமர்ந்து, கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, சீராக மிதித்துக்கொண்டே இருங்கள். முன்சக்கரம் மாட்டுவால் போல இடமும் வலமுமாக அலையும். அதை இறுக்கிப் பிடித்து நேராக்க முயன்றால்தான் கீழே விழ நேரும். சக்கரத்தைப் பார்க்காமல், மணல் முடியும் இடத்தையே பார்த்து ஓட்டினால் வண்டி தானாகவே அந்தத் திசைக்குப் போகும். மணலின் நடுவில் முன் பிரேக்கை மட்டும் தொடவே கூடாது.

வேர்களைக் குறுக்காக, செங்கோணத்தில் கடக்க வேண்டும். சாய்வாகச் சென்றால், குறிப்பாக மழைக்குப்பின், சக்கரம் வேரின் நீளவாக்கில் வழுக்கிவிடும். வேருக்குச் சற்று முன் பிரேக்கை விட்டு, பெடல்கள் இரண்டையும் தரைக்கு இணையாக வைத்து, சீட்டிலிருந்து எழுந்து முழங்காலையும் முழங்கையையும் மடக்கிக்கொண்டால், அதிர்ச்சியைக் கால்களே வாங்கிக்கொள்ளும்.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல், வெளிப்பக்கக் காலைக் கீழே அழுத்தி, வளைவு முடியும் இடத்தைப் பார்த்துக்கொண்டு திரும்புங்கள். சமதளத்தில் இழந்த வேகத்தை மிதித்துத்தான் மீட்க வேண்டும் என்பதால், வளைவைச் சீராகக் கடக்கத் தெரிந்தவரே கடைசிவரை களைக்காமல் ஓட்டுகிறார்.

படி 6: மற்றவர்களுக்கு வழிவிடுங்கள்

குதிரை வந்தால் தொலைவிலிருந்தே குரல் கொடுத்து, வேகத்தைக் குறைத்து, நிறைய இடம் விட்டுக் கடந்து செல்லுங்கள். கேட்டைத் திறந்தால், முன்பு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுச் செல்லுங்கள். மரம் வெட்டும் பகுதிக்கான தடுப்பைத் தாண்டக் கூடாது. இங்கே வெட்டவெளிகளில் பக்கி எனப்படும் இரவுப் பறவைகளும் ஒருவகை வானம்பாடிகளும் தரையிலேயே முட்டையிடுகின்றன. வசந்தம், கோடை மாதங்களில் தடத்தை விட்டு விலகாமல் ஓட்டுவதற்கு அதுவே போதுமான காரணம்.

படி 7: திரும்பியபின்

செயினில் ஒட்டிய மணலைத் துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக எண்ணெய் இடுங்கள். டயரைச் சுற்றிப் பார்த்து, வெட்டுகளில் பதிந்திருக்கும் கல்துண்டுகளை ஊசியால் நெம்பி எடுங்கள். இன்று தப்பிய டயரை அடுத்த முறை அதே துண்டு துளைத்துவிடும்.

பிறகு உங்கள் உடலைச் சோதியுங்கள். லைம் நோய் என்னும் பாக்டீரியத் தொற்றைப் பரப்பும் உண்ணிகள் இந்தக் காட்டில் உண்டு. முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களைத் தவறாமல் பாருங்கள். கடித்திருந்தால், கூரிய முனையுள்ள சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே மெல்ல இழுங்கள். நெருப்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவப்புத் தடிப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ, காட்டுக்குப் போன விவரத்தைச் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள்.