டெக்ஸாஸில் கார் பயணம்: தங்குமிடத்தை முடித்துவிட்டு வழியைப் போடுங்கள்

டெக்ஸாஸ் முழுவதையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடும் ஆசையை முதலில் விடுங்கள். கிழக்கே ஆரஞ்சில் தொடங்கி மேற்கே எல் பாஸோ வரை ஐ-10 சாலை மட்டுமே ஏறத்தாழ 880 மைல். ஒரு வாரம்தான் கையில் என்றால் சான் அன்டோனியோ, அதற்கு வடக்கே குன்றுகள் நிறைந்த ஹில் கன்ட்ரி, மேற்கே மெக்சிகோ எல்லையோரப் பூங்காப் பகுதியான பிக் பெண்ட் போதும். மார்ச் கடைசியில் போனால் சாலையோரம் புளூபானெட் பூத்திருக்கும்.

1. இரவுத் தங்கல்

அரிசோனா, யூட்டா சுற்றியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே மத்திய அரசு நிலத்தில் காசில்லாமல் கூடாரம் போட இடம் கிடைக்கும். இங்கே அப்படிக் கிடைப்பது அரிது. 1836 முதல் 1845 வரை தனிக் குடியரசாக இருந்த டெக்ஸாஸ், அமெரிக்காவோடு சேர்ந்தபோது பொது நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது; பிறகு பெரும்பகுதியை விற்றுவிட்டது. இன்று 90 சதவீதத்துக்கு மேல் தனியார் நிலம். வேலிக் கம்பத்திலோ மரத்திலோ செங்குத்தாக ஊதா பெயிண்ட் கோடு இருந்தால், பலகை இல்லாவிட்டாலும் 'உள்ளே வராதே' என்றுதான் சட்டப்படி பொருள்.

ஆகவே முன்பதிவு கட்டாயம். பிக் பெண்ட் பெயரில் இரண்டு இடங்கள் உண்டு, கவனம். தேசியப் பூங்காவுக்கு ரெக்ரியேஷன்.கவ் இணையதளம், பக்கத்திலுள்ள பிக் பெண்ட் ராஞ்ச் மாநிலப் பூங்காவுக்கு டெக்ஸாஸ் மாநிலப் பூங்கா இணையதளம். ஒன்றின் பாஸ் மற்றதில் செல்லாது. ஹில் கன்ட்ரியில் உள்ள என்சான்டட் ராக் பாறைக்கு ஒரு நாள் போய்வருவதானாலும் பதிவு செய்துவிடுங்கள். வார இறுதியில் காலையிலேயே நிரம்பி வாசலை மூடிவிடுவார்கள்.

2. வழியும் பெட்ரோலும்

சான் அன்டோனியோவிலிருந்து பிக் பெண்டுக்கு ஐ-10ஐ விட டெல் ரியோ வழியாகப் போகும் யூஎஸ் 90 எனக்குப் பிடித்த வழி. சுமார் 400 மைல். பேக்கோஸ் ஆற்றுப் பாலத்தருகே நிறுத்திப் பள்ளத்தாக்கைப் பாருங்கள். டெல் ரியோவிலும் மாரத்தான் என்ற சிற்றூரிலும் டேங்கை நிரப்புங்கள், பாதி இருந்தாலும் சரி. மாரத்தானிலிருந்து பூங்காவுக்குள் இருக்கும் பேந்தர் ஜங்ஷன் வரை சுமார் 70 மைலுக்கு நடுவில் ஒரு பங்க்கூடக் கிடையாது. இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள். அந்தி சாய்ந்ததும் மான்கள் சாலைக்கு வரும். தார்ச்சாலைக்குச் சாதாரண கார் போதும். எஸ்யூவிக்குக் கூடுதல் வாடகை கொடுப்பது, உயரமான வண்டி தேவைப்படும் மண்பாதைகளில் போவதாக இருந்தால் மட்டுமே.

3. கையில் காகிதங்கள்

மெக்சிகோவுக்குள் போகாவிட்டாலும் இது வேண்டும். பிக் பெண்டிலிருந்து வடக்கே திரும்பும் சாலைகளில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி உண்டு. குடியுரிமை கேட்பார்கள்; ஓட்டுநர் உரிமம் அதற்குச் சான்று ஆகாது. விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டும் ஐ-94 (அமெரிக்காவுக்குள் வந்ததற்கான பதிவு) அச்சுப்பிரதியும், கிரீன் கார்டுக்காரர்கள் அந்த அட்டையும் வைத்திருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவின் பாஸ்போர்ட்டை வீட்டுப் பீரோவில் விட்டுவிடாதீர்கள்.

4. போன்

வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்குங்கள்; பூங்காவில் பல இடங்களில் சிக்னல் வராது. எல்லையான ரியோ கிராண்டே ஆற்றோரம் போன் மெக்சிகோ டவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் ரோமிங்கை அணைத்துவிடுங்கள். எல் பாஸோ வரை போவதானால் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால்.